மல்லிகாவின் கன்னம்

செவ்வாய்க்கிழமை, மாசாய் நகரம்.

தொழிற்சாலையில் வேலை செய்யும் மல்லிகா இன்று மாலை என் பார்லருக்கு வந்து முகக்கவசத்தைக் கழற்றினாள். இரண்டு கன்னமும் சிவந்து, தோல் உரிந்திருந்தது. முகம் வெளுக்க நான் விற்ற கிரீமைத்தான் மூன்று மாதமாகப் பூசியிருக்கிறாள். அதில் பாதரசம் இருக்கலாம், உடனே நிறுத்து என்று கிளினிக் டாக்டர் சொல்லி, சிறுநீர்ப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அவள் சத்தம் போடவில்லை. "நீங்க நல்லதுன்னு சொன்னீங்கக்கா, அதான் போட்டேன்" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவள் போனதும் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். என்ன கலந்திருக்கிறது என்ற விவரமும் இல்லை, சுகாதாரத் துறைப் பதிவு எண்ணும் இல்லை. இத்தனை நாள் நான் பார்க்கவே இல்லை.

கடையை மூடிவிட்டு, கிரீம் வாங்கியவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு, பூசுவதை நிறுத்தி டப்பாவைத் திருப்பித் தரச் சொன்னேன்.

"அலமாக், ஐயோ! அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம் லா. நீங்க தரலன்னா வேற கடையில வாங்கிக்கிறேன்" என்றாள் சுமதி.

மல்லிகாவின் முகம் எப்படி இருக்கிறது என்று சொன்னேன். "நாளைக்கே கொண்டு வந்து தந்துடறேன்க்கா" என்றாள்.

நான்கு பேர் போனை எடுக்கவில்லை. காலையில் வீட்டுக்கே போகிறேன். விவரமும் எண்ணும் இல்லாத எதுவும் இனி என் கடையில் இருக்காது.

மிச்ச டப்பாக்களைச் சுகாதார அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். யார் விற்றது என்று கேட்பார்கள். நான்தான் என்று சொல்வேன். கடையை மூடச் சொன்னால்... சொல்லட்டும்.