சுனைக்குப் போகும் வழி

செவ்வாய்க்கிழமை, மாசி மாதக் கடைசி.

இன்று ஏலகிரிக்குப் போயிருந்தேன். போன வருடம் எங்கள் பத்திரிகையில் நான் எழுதிய சுனையை மறுபடி பார்க்கத்தான். பலாமரங்களுக்கு மேலே பாறை இடுக்கில் ஊறும் தண்ணீர். கீழே ஆறு வீடுகளுக்குக் குடிக்க அதுதான். எந்தக் கட்டுரையையும் 'எப்படிப் போவது' என்று முடிப்பது என் வழக்கம். எந்த வளைவில் திரும்ப வேண்டும், எத்தனை நிமிட நடை, எல்லாம் பிசகில்லாமல் எழுதியிருந்தேன்.

அதைப் படித்துவிட்டு ஞாயிறுதோறும் ஆட்கள் வந்து குளித்திருக்கிறார்கள். தண்ணீரின் மேல் சோப்புப் படலம். அடியில் ஷாம்பு உறைகள், உடைந்த பாட்டில்.

அன்று எனக்குச் சுனையைக் காட்டிய மங்கம்மா வீட்டு வாசலில் நின்றிருந்தாள்.

"இன்னா சார், மறுபடியும் பேனாவ எடுத்துக்கினு வந்துட்டீங்களா?" என்று சிரித்தாள்.

குடிக்கத் தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வேற ஊத்து ஒண்ணு கீது சார்."

"எந்தப் பக்கம்?"

வாய் தவறி, பழக்கத்தில் கேட்டுவிட்டேன். அவள் சிரிப்பு நின்றது.

"அத மட்டும் கேக்காதீங்க. ஏற்கெனவே எல்லாரும் என்னத்தான் ஏசறாங்க. இதுவும் போச்சுன்னா கீழ எறங்கி வாணியம்பாடில தோல் வேலைக்குத்தான் போவணும்."

மன்னிப்புக் கேட்டேன். "உடுங்க சார்" என்றாள். இடுப்பில் காலிக் குடம். தண்ணீருக்குத்தான் கிளம்பியிருக்கிறாள், நான் போகட்டும் என்று காத்திருக்கிறாள் என்பது எனக்குப் புரியவே நேரமாயிற்று. வண்டியை எடுத்தேன். வளைவில் திரும்பிப் பார்த்தேன். குடத்தோடு அங்கேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.