உதயகண்டனின் மனைவி

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
9 ஜூன் 2024

அத்தானுக்கு,

மங்கலம் எழுதுவது. இங்கே நான் சுகம், வீடும் சுகம். போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

உங்கள் தொடர்கதை வருகிற பத்திரிகைக்குக் கிழக்கேகோட்டையில் நான் ஒருத்திதான் வாடிக்கை. "அம்மா, உங்களுக்காண்டி மட்டுந்தான் ஒண்ணு வரவழைக்கேன், கேட்டோ" என்கிறான் கடைக்காரன். முன்பு தொடர் எழுதும்போதெல்லாம் நீங்கள் செய்துவந்த வழக்கத்தை விடாமல், வாராவாரம் பழவங்காடிப் பிள்ளையாருக்கு உங்கள் வாள்வீரன் உதயகண்டன் பேரில் ஒரு தேங்காய் உடைக்கிறேன். அவன் வீரத்துக்கு ஒரு குறைவும் இல்லை. சிறைப்பட்ட நண்பனுக்காக மதில் தாண்டுகிறான், கப்பலுக்குக் கப்பல் குதிக்கிறான். ஆனால் ஐந்தாம் வாரம் "இதோ வந்துவிடுகிறேன்" என்று படகுத்துறையில் பெண்டாட்டியை நிறுத்திவிட்டுப் போனானே, அந்தச் செண்பகம் என்ன ஆனாள்? இது முப்பதாம் வாரம். அவள் சாப்பிட்டாளா?

மங்கலம்

செங்கோட்டை
17 ஜூன் 2024

அன்புள்ள மங்கலம்,

அடிப்பாவி, மாட்டிவிட்டாயே! சத்தியமாக அவளை மறந்தேபோனேன். பத்திரிகை ஆசிரியரும் கவனிக்கவில்லை, வாசகர் ஒருவரும் கேட்கவில்லை. ஆனாலும் நண்பனை மீட்காமல் உதயகண்டன் திரும்ப மாட்டான். அவன் சுபாவம் அப்படி.

தாசையன் கிடந்த கிடையாகத்தான் இருக்கிறான். பக்கவாதம் வந்த கை இன்னும் எழவில்லை. "நீ வீட்டுக்குப் போடே, அவ ஒத்தைக்கு இருப்பா" என்று தினமும் குழறுகிறான். சிநேகிதன் என்று அவனுக்கு என்னை விட்டால் யார்? ஒரு வாரம் என்று வந்தது ஆறு வருஷமாகிவிட்டது. ஓணத்துக்கு நிச்சயம் வருகிறேன்.

பகவதிப்பெருமாள்

ஆரியசாலை
29 செப்டம்பர் 2024

அத்தானுக்கு,

ஓணம் போய்விட்டது. இரண்டு இலை போட்டு, ஒன்றை மடித்து வைத்தேன்.

தாசையன் அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். ஊட்டி, வாய் துடைத்து, ஒரு சிநேகிதனுக்கு இந்தக் காலத்தில் யார் இப்படிப் பார்ப்பார்கள்? எல்லோரிடமும் பெருமையாகத்தான் சொல்கிறேன். என்ன, எனக்குக் கண் ஆபரேஷன் நடந்த அன்றைக்கும் அவருக்குத்தான் காய்ச்சல்.

இந்த வாரம் உதயகண்டன் ஒருவழியாகத் துறைக்கு வந்துவிட்டான். செண்பகம் அதே இடத்தில், அதே சேலையில், வைத்த பூ வாடாமல் நிற்கிறாள். முதலில் சிரித்தேன், அப்புறம் அழுதேன். எந்தப் பெண் அப்படி நிற்பாள்?

நம் மகள் ஆஷா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். புதன்கிழமை புனேக்கு, அவள் வீட்டுக்கே போய்விடுகிறேன். திரும்பி வருகிற எண்ணம் இல்லை. சாவி பக்கத்து வீட்டுக் கலைச்செல்வியிடம் இருக்கும். இன்றைக்குத் தேங்காயைச் செண்பகம் பேரில் உடைத்தேன்.

மங்கலம்

ஆரியசாலை
12 ஜனவரி 2025

அன்புள்ள மங்கலம்,

தாசையன் கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே போய்விட்டான். எல்லாம் முடித்துவிட்டு வந்தேன். கலைச்செல்வி சாவியைக் கொடுத்தாள், "இப்பதான் வாறீங்களா" என்றாள், அவ்வளவுதான். கீழே மிளகாய்க் கடை நெடியில் வந்ததிலிருந்து தும்மிக்கொண்டிருக்கிறேன். போன் செய்தால் நீ ஆஷாவிடம் கொடுத்துவிடுகிறாய்.

தொடர் புத்தகமாக வரப்போகிறது. அந்த அத்தியாயத்தை மாற்றிவிட்டேன். உதயகண்டன் வரும்போது துறையில் யாரும் இல்லை. செண்பகம் எப்போதோ படகேறிப் போய்விட்டாள். அவன் வாளைக் கழற்றிவைத்துவிட்டு அங்கேயே நிற்கிறான். "கதாநாயகன் எத்தனை நாள் சார் சும்மா நிப்பான்?" என்று ஆசிரியர் கோபப்படுகிறார். நிற்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

உன்னை வரச்சொல்லி எழுதவில்லை. ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, ரசம் வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். புளி எந்த டப்பாவில் இருக்கிறது என்று மட்டும் ஒரு வரி எழுது.

பகவதிப்பெருமாள்