தேயிலைப் பெட்டி மேடையில் கேட்ட கச்சேரி

அக்கா,

நேற்று சாயங்காலம் எலப்புள்ளிக் கோயில் மைதானத்தில் பாட்டுக் கச்சேரி. மருமகள் ஆசையாகக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்காரவைத்தாள். பாட ஆரம்பிப்பதற்கு முன்னால் மேடைக்குப் பின்பக்கம் ஜெனரேட்டரை இழுத்து ஓடவிட்டார்கள். மழையில் நனைந்திருந்த புல்மேல் டீசல் புகை தவழ்ந்து வந்து மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், எழுந்துவிட்டேன். எழுந்தது மட்டுமில்லை, பக்கத்திலிருந்த இரும்பு நாற்காலியை மடக்கிக் கையில் ஓங்கிப் பிடித்திருந்தேனாம்.

"ஏனுங்கத்தை, என்னாச்சுங்க? பாட்டுப் புடிக்கலீங்களா?" என்று அவள் பயந்து கேட்டாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு. ஊட்டுக்குப் போலாம்" என்றேன்.

போன ஆடியில் உங்கள் பெரியவன் வட்டவடையிலிருந்து போன் செய்து, "அம்மா போயிட்டாங்க சித்தி" என்றான். மூணாறு வந்து அங்கிருந்து ஜீப்பில் ஏறி வர என் இடுப்பு விடவில்லை. உங்கள் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமலே போயிற்று. அன்றைக்கு வராத அழுகை நேற்று அந்தப் புகையில் வந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம் நான் கல்யாணமாகிச் சின்னக்கானலுக்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்கு எஸ்டேட் லாரியில் டிரைவர் வேலை. லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்குக் கடைசிக்கு முந்தின வீடு, உங்களுக்குக் கடைசி வீடு. பாலக்காட்டுச் சமவெளியில் பிறந்தவளுக்கு அந்தக் குளிரும் அட்டைக்கடியும் தாங்கவில்லை. அதைவிடத் தாங்காதது உங்கள் வீட்டிலிருந்து வந்த சத்தம். முதலில் ஏதாவது பாத்திரம் உருளும். பிறகு நீங்கள். பிறகு உங்கள் பையன்கள் இருவரும் வீறிடுவார்கள். எழுந்து போகலாமென்றால் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து, "அந்தக்கா புருஷன் பெரிய கங்காணியோட ஆளு. நாம குறுக்க போனா நாளைக்கு நம்மளத் தூக்கிருவாங்க" என்பார்.

காலையில் நீங்கள் உதடு வீங்கிக் கொழுந்தெடுக்க வருவீர்கள். அந்த உதட்டோடு பாடவும் செய்வீர்கள். டீக்கடை ரேடியோவில் ஒரு தடவை கேட்ட பாட்டு உங்களிடம் அப்படியே இருக்கும். மேல் வரிசையில் நிற்கிறவர்களெல்லாம் கையை மெதுவாக்கிக்கொண்டு கேட்பார்கள். "வலிக்கலீங்களாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். "அடி வாங்குறதும் இந்த வாய்தான், பாடுறதும் இந்த வாய்தான். ஒண்ணுக்காக இன்னொண்ண நிப்பாட்ட முடியுமாட்டி?" என்றீர்கள். என்னை நீங்கள் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாலக்காட்டுக்காரி, இல்லையென்றால் ஏட்டி.

அந்த வருஷம் எஸ்டேட்டுப் பையன்கள் சேர்ந்து புதுச் சங்கம் கட்டினார்கள். யாருக்கு எந்த மலையில் வேலை, யாரை நிறுத்துவது என்று பெரிய கங்காணி ஒருத்தரே தீர்த்துவந்ததை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்து, ஜெயித்தும்விட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில்தான் போடியிலிருந்து ஒரு மெல்லிசைக் குழுவை வரவழைத்தார்கள். அதுவரை மலைக்கு மேல் அப்படி ஒரு குழு வந்ததில்லை. இருட்டினால் யானை இறங்கும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மேல் கச்சேரி என்று முடிவாயிற்று. ஃபேக்டரியை ஒட்டிய பந்து மைதானத்தில் தேயிலைப் பெட்டிகளை அடுக்கி, மேலே பலகை போட்டு மேடை கட்டினார்கள்.

கச்சேரி நடந்தால் ரத்தம் தெறிக்கும் என்று கங்காணியின் ஆட்கள் லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். உங்கள் புருஷன் (அப்படி எழுதக் கை வரவில்லை, வேறு எப்படி எழுத) உங்களிடம், "அங்க கால வச்ச, அந்தக் கால ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்" என்றான். எனக்குக் கேட்கட்டும் என்றே வாசலில் நின்று சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றீர்கள். அரக்குச் சேலை. பையன்களை எதிர் வீட்டில் விட்டுவிட்டதாகச் சொன்னீர்கள்.

"வேண்டாங்கக்கா. நாம ஊட்லயே இருந்துக்கலாமுங்க. சத்தம் இங்கயே கேக்கும்."

"ஏட்டி, என் காது கேக்கறதுக்கு நான் அவம்ட்ட உத்தரவு வாங்கணுமா? நீ வந்தா வா."

வந்தேன்.

எத்தனையோ கச்சேரி கேட்டவர்கள் இருப்பார்கள். நான் அதற்குப் பின்னால் கல்பாத்தித் தேரின்போது பெரிய பெரிய பாட்டுக்காரர்களைக் கேட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்குப் போல எதுவும் இல்லை. பாடகி ஒல்லியாக, பச்சைப் பட்டுக் கட்டியிருந்தாள். ஜீப்பில் மலையேறி வந்ததில் வாந்தியெடுத்துக் களைத்திருந்தாள். மைக் முன்னால் வந்து நின்று ஒருமுறை இருமினாள். அடுத்த மூச்சில் பாட்டு. ரேடியோவில் காது மட்டும்தான் கேட்கும் அக்கா. அன்றைக்கு நெஞ்சுக்கூடு கேட்டது. ஒருத்தர் அக்கார்டியனை விரித்து விரித்து மடக்க, ஒருத்தர் பாங்கோஸைத் தட்ட, பனி மேடைக்குள் புகுந்து அவள் முழங்காலை மறைத்தது. நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தீர்கள். வளையல் உடைந்து எனக்குக் கீறியது.

மூன்றாவது பாட்டின் நடுவில் முதல் கல் வந்தது.

அது பாங்கோஸ்காரரின் நெற்றியில் விழுந்தது. அவர் அப்படியே பின்னால் சாய்ந்தார். ஏன் தாளம் நின்றது என்று ஜனங்களுக்குப் புரிவதற்குள் தேயிலைச் சரிவிலிருந்து கங்காணியின் ஆட்கள் இறங்கிவிட்டார்கள். கையில் சைக்கிள் செயின், இரும்புக் கம்பி, செடியை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி. முன்னால் உட்கார்ந்திருந்த பையனொருவனின் தோளில் கத்தி இறங்கிச் சட்டை பிளந்ததை நான் பார்த்தேன். சதை பிளந்தது அதற்கப்புறம்தான் தெரிந்தது. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். விழுந்தவர்களை மிதித்து ஓடினார்கள். மேடைக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரை யாரோ உதைத்துச் சாய்த்தார்கள். கொட்டிய டீசல் குப்பென்று பிடித்து மேடையின் ஒரு ஓரம் எரிய ஆரம்பித்தது.

நான் உங்கள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "ஓடியாங்கக்கா!" நீங்கள் அசையவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அங்கே அந்தப் பாடகியின் கொண்டையைப் பிடித்து, மைக் கம்பத்தோடு அவள் முகத்தை மோதிக்கொண்டிருந்தவன் உங்கள் புருஷன்.

முந்தானை கிழிந்து பாதி என் கையில் நின்றது. நீங்கள் கூட்டத்துக்கு எதிராக நடந்தீர்கள். ஓடவில்லை, நடந்தீர்கள். மேடையேறி, "அவள விடு" என்றீர்கள். அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "வீட்ல வச்சுக் குடுக்க வேண்டியத இங்கயே வாங்கிக்கறியா?" என்று இடது கையில் வைத்திருந்த கம்பியை வலது கைக்கு மாற்றி வீசினான். நீங்கள் முகத்தை மறைத்துத் தூக்கிய கையில் அது விழுந்தது. பச்சை விறகு முறிகிற சத்தம். தீயின் சத்தத்தையும் ஓலத்தையும் தாண்டி எனக்கு அது கேட்டது.

நீங்கள் கத்தவே இல்லை. உங்கள் வலது கை முழங்கைக்குக் கீழே வேறெவருடையதோ போலத் தொங்கியது. குனிந்து, இடது கையால் மைக் கம்பத்தை அடியோடு தூக்கினீர்கள். அதன் வட்ட இரும்பு அடிப்பாகம் அவன் முகத்தில் இறங்கியது. அவன் முட்டி போட்டான். மறுபடி இறக்கினீர்கள். அவன் கண்ணைப் பொத்திய விரல்களுக்கிடையில் ரத்தம் பொங்கியது. மூன்றாம் முறை இறக்கும்போது நீங்கள் பேசினீர்கள். "இது என் பிள்ளைக பாத்ததுக்கு."

அதன்பிறகு எனக்குள் என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. கல் பொறுக்கிக் கிழிந்த முந்தானையில் சுற்றிச் சுழற்றிக்கொண்டு நானும் உள்ளே போய்விட்டேன். ஒருத்தன் என் கழுத்தைப் பிடித்தான். அவன் விரலைக் கடித்தேன். பல் எலும்பில் முட்டும்வரை கடித்தேன். ஓடிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேடையில் நீங்கள் நிற்பதைப் பார்த்தார்கள். ஒருத்தி எரிகிற பலகையைப் பிடுங்கினாள், ஒருத்தி கீழே விழுந்து கிடந்த கத்தியை எடுத்தாள். திரும்பிவந்த கூட்டத்தைக் கங்காணியின் ஆட்கள் எதிர்பார்க்கவில்லை. வந்த சரிவிலேயே ஏறி ஓடினார்கள். உங்கள் புருஷனை இரண்டுபேர் இழுத்துக்கொண்டு போனார்கள்.

மண்ணை வாரிப் போட்டுத் தீயை அணைத்தோம். காயம்பட்டவர்களை என் வீட்டுக்காரர் லாரியில் ஏற்றி டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனார். குழுவின் தலைவர், "கட்டுங்கய்யா, கட்டுங்க, கெளம்பலாம்" என்று பெட்டிகளை அடுக்கினார். நீங்கள் லாரியில் ஏற மறுத்து மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். உடைந்த கையை என் சேலைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தேன். பாடகி உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தாள். உதடு கிழிந்து, முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

"பாதியில நிக்கிதும்மா அந்தப் பாட்டு" என்றீர்கள் அவளிடம்.

"மைக் இல்லையேக்கா."

"மைக் எதுக்கு? நாங்க கிட்ட வந்து உக்காந்துக்கிடுதோம்."

அவள் ரத்தத்தைத் துப்பினாள். விட்ட வரியிலிருந்து ஆரம்பித்தாள். அக்கார்டியனைக் கத்தியால் கிழித்திருந்தார்கள். யாரோ ஒருத்தர் தேயிலைப் பெட்டியில் தாளம் போட்டார். அங்கங்கே சிதறி நின்றிருந்த ஜனம் நெருங்கி நெருங்கி வந்து உட்கார்ந்தது. நடுவில் அவள் வாய் ரத்தத்தால் நிறையும், நிறுத்தித் துப்புவாள். அவள் துப்புகிற நேரத்துக்கு நீங்கள் பாடினீர்கள். அவள் விட்ட இடத்தை நீங்கள் எடுத்தீர்கள், நீங்கள் வலியில் மூச்சு முட்டி விட்ட இடத்தை அவள் எடுத்தாள். பாட்டு எங்கேயும் அறுபடவில்லை. பனி மூடிக்கொண்டு வந்தது. சுற்றிலும் எரிந்த மரவாடை. அன்றைக்கு அழாதவர்கள் யாரும் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை, ஆனால் அது துக்கமில்லை அக்கா. இன்னும் ஒருத்தன் இறங்கி வந்திருந்தால் அந்தக் கண்ணீரோடேயே அவனைக் கிழித்துப் போட்டிருப்போம்.

பாட்டு முடிந்த பிறகுதான் போலீஸ் வேன் வந்தது. அடித்தவர்கள் ஓடிவிட்டதால், இருந்த எங்களை அடித்தார்கள். உடைந்த கையோடு உங்களை வேனில் ஏற்றினார்கள். உங்கள் புருஷனுக்கு ஒரு கண் போய்விட்டது என்று கேஸ். சப்ஜெயிலில் இருந்த நாட்களில் கையைச் சரியாக வைத்துக் கட்ட ஆளில்லாமல் எலும்பு கோணலாகவே கூடிவிட்டது. பாடகி போடியிலிருந்து கோர்ட்டுக்கு வந்து, பல் போன வாயைத் திறந்து காட்டி, இந்த அம்மா இல்லையென்றால் நான் உயிரோடு இல்லை என்று சொன்னாள். விட்டுவிட்டார்கள். எஸ்டேட் விடவில்லை. வேலையும் போய் லயமும் போய், பையன்களோடு வட்டவடைக்குப் போனீர்கள். அங்கே உங்கள் சித்தப்பா வகையில் ஒரு துண்டு நிலம் இருந்தது. உங்கள் புருஷன் மலையிறங்கிக் கீழ்நாட்டுப் பக்கம் போனவன் திரும்பவில்லை.

சில வருஷம் கழித்து, நாங்கள் எலப்புள்ளிக்கே திரும்புவதற்கு முன்னால், உங்களைப் பார்க்க வந்தேன். பூண்டு வயலில் குந்தி உட்கார்ந்து இடது கையால் களை பறித்துக்கொண்டிருந்தீர்கள். கோணலாகக் கூடிய வலது கையில் பிடிமானம் இல்லை. தலை பின்னப் பெரியவன்தான் உதவுகிறான் என்றீர்கள்.

நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அவரு கண்ணு போனது... உங்களுக்கு மனசுக்குள்ள சங்கடமா இருக்குங்களாக்கா?"

யோசித்தீர்கள். நிஜமாகவே யோசித்தீர்கள்.

"வருத்தம் வரும் வரும்னு நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னும் வரல. வந்தா உனக்குச் சொல்லி அனுப்புதேன்."

நீங்கள் சொல்லி அனுப்பவே இல்லை.

எனக்குப் பாட வராது. அந்தப் பாட்டின் வார்த்தைகூட இப்போது பாதிக்குமேல் மறந்துவிட்டது. உங்களிடமிருந்து எனக்கு வந்தது வேறு.

என் மகளைக் கஞ்சிக்கோட்டில் கட்டிக்கொடுத்திருந்தேன். கல்யாணமான மறுவருஷம் கன்னத்தில் விரல் தடத்தோடு வந்து நின்றாள். அவள் அப்பா, "போகப்போகச் செரியாயிரும்" என்றார். நான் அடுத்த பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மாப்பிள்ளை தான் வேலை செய்யும் ஃபேக்டரி வாசலில் நண்பர்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். கிட்டே போய், தாழ்ந்த குரலில் சொன்னேன். "மாப்பிள்ளை, இன்னொருக்கா இவ மேல கை பட்டுதுன்னா நான் போலீஸுக்கும் போகமாட்டேன், பஞ்சாயத்துக்கும் போகமாட்டேனுங்க."

"பின்ன என்ன பண்ணுவீங்க?" என்றார், சிரித்துக்கொண்டே.

அவரைப் பார்த்தேன், அவ்வளவுதான். என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு டீ கிளாஸைக் கீழே வைத்தார். இன்றுவரை மகள் மேல் ஒரு விரல் பட்டதில்லை.

சில நாள் இங்கே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அன்றே அவளைத் திரும்பக் கூட்டிவந்தேன். பஸ்ஸில் மகள் என் காதருகில் வந்து, "நெசமாவே என்னம்மா பண்ணியிருப்ப?" என்று கேட்டாள்.

"கையில என்ன கெடைச்சிருக்குமோ அத எடுத்திருப்பேன் சாமி" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் தோளில் சாய்ந்துகொண்டாள். எலப்புள்ளி வந்து இறங்கும்வரை என் கை ஒருமுறைகூட நடுங்கவில்லை அக்கா.