மதகடி அம்மன் கோயிலுக்கு வழி

நேற்று உன் அம்மா அனுப்பிய கூரியர் வந்தது. பிரித்தால், ஒரு சாண் நீளத்தில் சிவப்புப் பட்டுப்பாவாடை. பச்சைக் கரை, ஓரம் முழுக்கக் கையால் தைத்த சரிகை, மடிப்புக்குள் ஒரு துண்டு கற்பூரம். அறை முழுவதும் கோயில் வாசனை. என்னோடு தங்கியிருக்கும் பெண் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, கொழந்தைக்கா?" என்று கேட்டாள். அம்மனுக்கு என்றேன். "எந்த அம்மன்?" என்றாள். மதகடி அம்மன் என்று சொல்லிவிட்டு அவசரமாகப் பாவாடையை மடித்து வைத்தேன். நல்ல வேலை பார்த்துவிட்டுப் போயிருக்கிறாய், போ. இல்லாத சாமிக்கு உன் அம்மா பாவாடை தைத்து அனுப்பியிருக்கிறார்.

நம் ஹாஸ்டல் வாசலில் கிடந்த நோட்டை நினைத்துக்கொள்கிறேன். வார விடுமுறையில் வெளியே போவதென்றால் பெயர், நேரம், காரணம் மூன்றும் அதில் எழுத வேண்டும். காரணம் என்றால் ஆஸ்பத்திரி, கடை, கோயில், சர்ச். வேறு எதற்கும் கதவு திறக்காது. சேர்ந்த முதல் வாரம் நான் அறியாத்தனமாக 'சும்மா சுற்றிப் பார்க்க' என்று எழுதினேன். வார்டன் அம்மா அதை ஒரே கோடாக அடித்துவிட்டு, "சுத்தறதுக்கா உங்க வூட்ல அனுப்ச்சாங்க? ஒயுங்கா எழுது" என்று பேனாவை நீட்டினார். பின்னால் நின்றிருந்த நீ என்னை இடித்துத் தள்ளிவிட்டு, குண்டு குண்டான எழுத்தில் 'மதகடி அம்மன் கோயில்' என்று எழுதினாய். அதோடு கதவு திறந்துவிட்டது. "எனக்கும் சேத்து வேண்டிக்கோங்க" என்று வேறு சொல்லி அனுப்பினார் வார்டன்.

தெருமுனை தாண்டியதும், அந்தக் கோயில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"ஆருக்குடி தெரியும்? அம்மன்னு எழுதினா எங்கயாவது இருக்கும்னு நினைச்சுக்கிடுவாவ."

அன்றைக்குத்தான் நாம் முதன்முதலாகப் பேசிக்கொண்டது. நான் போளூர்க்காரி, நீ சங்கரன்கோவில் பக்கம். கம்பெனியில் ஒரே அசெம்பிளி லைனில் நான்கு ஆள் தள்ளி நின்று வேலை பார்த்தும் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று முதல் என் பெயரே உனக்கு 'ஏ போளூரு' ஆகிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசாங்க சைக்கிளை நான் பஸ் மேல் ஏற்றிக் கொண்டுவந்திருந்தேன். ஒரு சைக்கிள், இரண்டு பேர். போகும்போது நீ மிதிப்பாய், வரும்போது நான். ஒரகடம் ரோட்டில் டிரெய்லர் லாரிகள் உரசிக்கொண்டு போகும். கேரியரில் நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். புதுக் கார்களை வரிசையாக நிறுத்தியிருக்கும் மைதானம் தாண்டி, கம்பெனிச் சுவர் முடிந்து, எங்கே தார் நின்று மண் தொடங்குகிறதோ அங்கே நீ பெல் அடிப்பாய். யாருமே இல்லாத இடத்தில் எதற்கடி பெல் என்று நான் திட்டுவேன்.

பிள்ளைப்பாக்கம் ஏரியைச் சித்திரை வெயிலில் முதலில் பார்த்தபோது நீ சைக்கிளைக் கீழே போட்டுவிட்டாய். "எங்கூர்ல இந்நேரம் குளத்துக்குள்ள பயக கிரிக்கெட் வெளையாடுவானுவ. இங்க பாரேன், தண்ணி சும்மா கெடக்கு!" என்று சொல்லிவிட்டுக் கரையோடு நடக்க ஆரம்பித்தவள்தான். பனைமரங்கள், மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலங்கல், அந்தப் பக்கம் நீர்க்காகம் சிறகைக் காயப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த கல், எதிர்க்கரையில் நீலத் தகரக் கூரைகள். மதகின் மேல் உட்கார்ந்து ஹாஸ்டல் சப்பாத்தியைச் சுருட்டித் தின்றோம். அந்த வாரம் ஒரு ஏரி, அடுத்த வாரம் இன்னொன்று என்று வைத்துக்கொண்டோம். வல்லம் வடகால் ஊருக்குப் பின்பக்கம், எல்லைக்கல் நட்டுப் போட்டிருந்த பழைய வயல்களுக்கு நடுவே ஒரு வரப்பைக் கண்டுபிடித்தாய். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் வழி இருக்கிறதா என்று கேட்டதற்கு, "வழி கீது, சைக்கிளத் தூக்கினு போவணும், முடியுமா?" என்றார். தூக்கிக்கொண்டு போனோம். அந்த வரப்பு இப்போது ஒரு கம்பெனியின் சுவருக்கு உள்ளே இருக்கிறது. பிள்ளைப்பாக்கம் கரைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து ஹெல்மெட் போட்டவர்கள் விலை உயர்ந்த சைக்கிளில் கூட்டமாக வருகிறார்கள். அவர்கள் எந்த நோட்டிலும் காரணம் எழுதுவதில்லை.

நீ வீட்டுக்கும் அதே பொய்யைத்தான் சொன்னாய். அதை நான் குறை சொல்ல மாட்டேன். சைக்கிளில் ஊர் சுற்றுகிறாள் என்று தெரிந்தால் உன் மாமா மறுநாளே வந்து கூட்டிக்கொண்டு போய்க் கல்யாணம் முடித்துவிடுவார். "எங்கம்மா சாமின்னா வாயத் தொறக்க மாட்டா" என்பாய். ஒன்றரை வருஷம், வாரம் தவறாமல் அந்தப் பெயரை எழுதினாய்.

கடைசி வாரம் உன்னால் மிதிக்க முடியவில்லை. போகும்போதும் நானே மிதித்தேன். வழி முழுக்க என் முதுகில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு வந்தாய், நெற்றி கொதித்தது. வெயில் என்று நினைத்தேன். சனியனே, காய்ச்சல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னால் திரும்பிவிடுவேன் என்று பயந்திருக்கிறாய். ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது. உன்னை அன்று திருப்பிக் கூட்டிப் போகவில்லையே என்று நான் அழாத வாரம் கிடையாது.

உன் பெட்டியை எடுத்துப் போக வந்த உன் அம்மாவிடம், வார்டன் அந்த நோட்டைத் திறந்து காட்டினார். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் செய்தார். "உங்க பொண்ணு மாதிரி பக்தி யாருக்கும் கெடையாதும்மா, பாருங்க." உன் அம்மா எழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்பிள்ள என்னமோ நேந்திருக்கா. அத முடிக்காம போயிட்டா. அந்தக் கோயிலுக்கு என்னக் கூட்டிட்டுப் போறியாம்மா?"

எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான். திருப்பணி நடக்கிறது, அம்மனைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள் என்றேன். அந்த நேரத்தில் அது பெரிய பொய்யாகத் தெரியவில்லை.

மூன்று வருஷமாக அந்தத் திருப்பணி முடியவில்லை. ஒவ்வொரு ஆடிக்கும் உன் அம்மா போன் செய்வார். "அம்மன எடுத்து வச்சிட்டாவளா?" இன்னும் இல்லை என்பேன். பாவாடை வந்த கையோடு நேற்றும் பேசினார். உன் தங்கைக்குப் பிள்ளை தங்காமல் இருந்து, மதகடி அம்மனுக்கு நேர்ந்துகொண்ட பிறகு ஆண் குழந்தை பிறந்ததாம். கோயில் திறந்தாலும் சரி, திறக்காவிட்டாலும் சரி, வாசலிலாவது மொட்டை போட வேண்டும், மாசக் கடைசியில் குடும்பத்தோடு வருகிறோம் என்றார்.

வேறு ஏதாவது அம்மனைக் காட்டிவிடலாமா என்று யோசித்தேன். இங்கே அம்மனுக்கா பஞ்சம்? ஆனால் அந்தக் குழந்தையை நினைத்தபோது மனசு ஒப்பவில்லை. இன்று எனக்கு விடுமுறை. காலையில் பிள்ளைப்பாக்கம் கரைக்குப் போய் உட்கார்ந்து, உன் அம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கோயில் இல்லை என்பதையும், பெயர் நீ வைத்தது என்பதையும், திருப்பணி என் பொய் என்பதையும் சொன்னேன்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். பின்னால் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"அப்போ வாரா வாரம் எங்க போனீய?"

"ஏரிக்கரைக்கும்மா. சைக்கிள்ல."

"எதுக்கு?"

"சும்மாம்மா. பாக்கத்தான்."

"நெழலு உண்டுமா அங்க?"

"பனமரம் இருக்கும்மா."

"எம்பிள்ள சிரிச்சாளா?"

"எப்பவும் சிரிப்புதாம்மா."

அதற்குப் பிறகுதான் குரல் உடைந்தது. "மூணு வருசமா வெளக்கேத்தும்போது அந்தப் பேரத்தான் சொல்லுதேன். எம்பிள்ள அந்த ஆத்தா மடியில இருக்கான்னு சொல்லிச் சொல்லித்தான் நான் சோறே தின்னேன். இப்போ அவ எங்கம்மா இருக்கா?"

நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அவரும் போனை வைக்கவில்லை. மொட்டை எங்கே போடப் போகிறார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. சொல்லிவிட்டால் எனக்குப் பாரம் குறையும் என்று நினைத்தேன், அவ்வளவுதான் என் புத்தி. இப்போது உன் அம்மா கேட்ட கேள்வி என்னிடம் இருக்கிறது. நாளைக்கு லைனில் போய் நிற்கும்போதும் அதுதான் இருக்கும். நீ எங்கேயடி இருக்கிறாய்?