ஒன்பது சுற்று

இன்று ரசத்துக்குப் புளி கரைத்தபோது கையில் ஒரு கொட்டை தட்டுப்பட்டது. அதைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். அடுப்பு அதுபாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. நீ பார்த்திருந்தால் ஒரு சத்தம் போட்டிருப்பாய்.

என் நெஞ்சு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் கோயிலை நூற்றியொரு சுற்று வருவதாக நீ கோமதியம்மனிடம் வேண்டியிருந்தாய். போன வருஷம் நான் பிழைத்து வீடு வந்தேன். ஆடி பிறந்ததும் நீ கிளம்பிவிட்டாய். மூன்று நாள் நடை. எண்ணும் வேலை எனக்கு. "முப்பது வருசமா திருவேங்கடம் போற பஸ்ல கண்டக்டரா ஆள் எண்ணுனவுகளுக்கு இது ஒரு வேலையா?" என்று நூற்றியொரு புளியங்கொட்டையைப் பையில் போட்டு என் மடியில் வைத்தாய்.

நீ என்னைத் தாண்டும்போதெல்லாம் ஒரு கொட்டையை எடுத்துக் கீழே வைப்பேன். ஆடிக்காற்றில் உன் மஞ்சள் சேலை வரும், போகும், மறுபடி வரும். பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்கு அரைத்தூக்கம். இந்தப் பெண் எத்தனையோ காலமாக இப்படியே நடந்து வருகிறாள், நான் எத்தனையோ காலமாக இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் நீ நொண்ட ஆரம்பித்தாய். குதிகால் வெடிப்பில் ரத்தம். எனக்குப் பொறுக்கவில்லை. மிச்சமிருந்த ஒன்பது கொட்டையையும் சேர்த்து அள்ளிக் கீழே வைத்துவிட்டேன். "முடிஞ்சுதா?" என்றாய். "முடிஞ்சுது. ஏட்டி, வா வீட்டுக்கு" என்றேன். நீ என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு நடந்தாய்.

இந்தச் சித்திரையில் காய்ச்சலென்று படுத்தாய், நாலே நாளில் போய்விட்டாய். அன்றிலிருந்து அந்த ஒன்பது சுற்று என்னைத் தூங்கவிடவில்லை. என் உயிருக்காக வேண்டியதில் நான் வைத்த குறை உன் தலையில் விடிந்துவிட்டதோ என்று மருகினேன். பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை.

நேற்று நானே சுற்றப் போனேன். வெயிலில் கண் கூசியது. முன்னால் போகிற மஞ்சள் சேலை எல்லாம் நீயாகவே தெரிந்தது. ஆறாவது சுற்றில் மூச்சு வாங்க, உனக்குப் பூக் கொடுக்கும் பூக்காரி பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னவென்று கேட்டாள். முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

"அட, அந்த ஒம்பதையும் மதினி மறுநாளே வந்து சுத்தி முடிச்சிட்டாகளே அண்ணாச்சி" என்றாள். "அவுகளும் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டேதான நடந்திருக்காக. 'எங்காலப் பாத்து எரக்கப்பட்டுப் பொய் சொல்லிட்டாக, நான் வந்தது தெரிஞ்சா சங்கடப்படுவாக'ன்னு இங்கனதான் செருப்பக் கழட்டிப் போட்டுட்டுப் போனாக."

அந்த மறுநாள் எனக்கு நினைவிருக்கிறது. கீரை வாங்கப் போகிறேன் என்று போனவள் வெயிலேறித்தான் வந்தாய். "ஒரு கட்டுக் கீரைக்கு இவ்வளவு நேரமாட்டி? மாத்திர போடணும், பசிக்குதுல்லா" என்று கத்தினேன். "கடையில கூட்டம்" என்று சொல்லிவிட்டு நொண்டியபடியே அடுப்படிக்குப் போனாய்.

மீதி மூன்று சுற்றையும் நடந்தேன். அம்மனிடம் கேட்க ஒன்றுமில்லை. உனக்குப் பின்னால் கொஞ்ச தூரம் வருகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். இந்த உயிர் நீ கால் தேய நடந்து எனக்கு வாங்கிக் கொடுத்தது. பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன். நீ இல்லாமல் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.