மஞ்சள் கேக்

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். அங்கே நீயும் மருமகளும் குட்டியும் நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். இனி திட்டப் போகிறேன், உட்கார்ந்து படி. போனில் திட்டினால் சரிப்பா சரிப்பா என்றே தப்பித்துவிடுவாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். பேக்கரியில் புது அடுப்பு வைத்தோம், ஒரு பக்கம் மட்டும் கருக்கித் தொலைக்கிறது. உன் அம்மாவின் முழங்கால் வலி தேவலை. உன் தங்கைக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. செய்தி அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மருமகள் உன் அம்மாவிடம் போனில் அழுதாள். குட்டிக்கு ரத்தம் கம்மி என்று டாக்டர் மாத்திரை எழுதி, காய்கறியும் கீரையும் கொடுக்கச் சொன்னாராம். நீ சிரித்துக்கொண்டே, எங்க வம்சத்துக்கே காய்கறி ஆகாது டாக்டர் என்றாயாம். எந்த வம்சமடா? எனக்கு எது ஆகாமல் போயிற்று? உன் தங்கை பாகற்காயைக்கூட விட்டுவைப்பதில்லை. வம்சம் என்பது நீ ஒருத்தன்தானா? அதோடு விட்டதா, குட்டி போனைப் பிடுங்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் என்னிடம் ரகசியம் பேசினாள். பள்ளியில் பக்கத்தில் உட்காரும் பெண் கேரட் கொண்டுவருகிறாளாம், கடித்தால் நறுக்கென்று சத்தம் கேட்கிறதாம். எனக்கும் ஆசையா இருக்கு தாத்தா, ஆனா நமக்குத்தான் ஆகாதே, சாப்பிட்டா தொண்டை வீங்கிச் செத்துப்போயிடுவோம்ல என்றாள். ஐந்து வயதுப் பிள்ளையடா! ஒரு கேரட்டுக்குப் பயந்து சாவைப் பற்றிப் பேசுகிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று மாவு பிசைந்த மேசையே ஆடிவிட்டது.

உன் கதையை உனக்கே சொல்கிறேன் கேள். ஆறு வயதில் நீ பூசணிக்காய் சாப்பிட்ட மறுநாள் உடம்பெல்லாம் கொப்புளம் வந்தது. அது சின்னம்மை. தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு வந்தது, உன் தங்கைக்கும் வந்தது, அவள் அப்போது பால் மட்டும்தான் குடித்துக்கொண்டிருந்தாள். டாக்டரே எடுத்துச் சொன்னார், நீ கேட்கவில்லை. பூசணிக்காய் போய் கேரட் ஆயிற்று, கேரட் போய் கீரை ஆயிற்று, கடைசியில் செடியில் முளைத்ததெல்லாம் உனக்கு விஷம். ஆறு வயதில் பயந்தாய், சரி. மீசையும் வழுக்கையும் வந்த பிறகுமா?

இப்போது மூச்சை நன்றாக இழுத்து விட்டுக்கொள். வருஷா வருஷம் உன் பிறந்தநாளுக்கு நான் செய்யும் மஞ்சள் கேக், இன்றைக்கும் பார்சலில் வரவழைத்துத் தின்கிறாயே, எங்கப்பா கை வைத்தால்தான் அந்த மெதுமெதுப்பு வரும் என்று ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொள்கிறாயே, அது பூசணிக்காயடா. டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன். வேகவைத்து, மசித்து, மாவில் பாதிக்குப் பாதி போடுகிறேன். முட்டையின் மஞ்சள் என்று நீயாக நினைத்துக்கொண்டாய், நான் திருத்தவில்லை. ஒரு நாளாவது உனக்குத் தொண்டை வீங்கியதா? வீங்கியது உன் கன்னம்தான், வாய் நிறைய அடைத்துக்கொண்டதில்.

கோபித்துக்கொள், ஒரு மாதம் பேசாமல் இரு, எனக்குக் கவலையில்லை. குட்டியின் பிறந்தநாளுக்கும் அதே கேக்தான் வருகிறது. வெட்டுவதற்கு முன் இதில் என்ன இருக்கிறது என்று அவளிடம் நீயே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, அவள் பார்க்கப் பார்க்க முதல் துண்டை நீ சாப்பிட வேண்டும். நமக்கு எல்லாம் ஆகும் கண்ணு என்று நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். இல்ல தாத்தா, அப்பாவே சொல்லியிருக்காரு என்கிறாள். அவள் உன்னைத்தான் நம்புகிறாள், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். மாத்திரையை வேளை தவறாமல் கொடு. உன் அம்மா அன்பைச் சொல்லச் சொன்னாள், நானும் சொன்னதாக வைத்துக்கொள்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத உன் அப்பா

பி.கு.: கேக்கோடு ஒரு கேரட்டும் வைக்கலாம் என்று பார்த்தேன், வந்து சேர்வதற்குள் வாடிவிடும். நீயே கடைக்குப் போய் வாங்கு. நறுக்கென்று சத்தம் வருவதாகப் பார்த்து வாங்கு.