ஒத்திவைக்கப்பட்ட தம்பி

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சுகமா என்று கேட்கத் தேவையில்லை. தினமும் தொலைக்காட்சியில்தான் பார்க்கிறேனே. கன்னம் உப்பியிருக்கிறது. பாராட்டுகிறவர்கள் விருந்தும் வைக்கிறார்கள் போலிருக்கிறது.

இங்கே மாடிக் குழாய் ஒழுகிச் சமையலறைச் சுவரெல்லாம் ஈரம். குழாய்க்காரர் இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்கிறார். அவரும் தேர்தலில் நிற்கலாம்.

நாடாளுமன்றத்தில் உன் மனநல மசோதா வாக்கெடுப்புக்கு வந்த அன்று நான் உன் தம்பியோடு ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன். வார்டு நர்ஸ் எங்களைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப்போய்த் தொலைக்காட்சியைப் போட்டாள். வார்டே வந்து உட்கார்ந்திருந்தது. குணமான நோயாளி தானே வீட்டுக்குப் போகக் கேட்கலாம், மருத்துவர் குழு பார்த்து அனுப்பலாம் என்ற பிரிவை நீ வாசித்தபோது, சலவைக்கூடத்தில் இவனோடு போர்வை மடிக்கும் பெரியவர் எழுந்து நின்று கை தட்டினார். பிறகு நீ 'என் சொந்தத் தம்பி' என்று சொல்லி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய். உன் தம்பி என் பக்கம் சாய்ந்து, 'ஏம்மா, என்னைப் பத்தி இவ்வளவு சொல்றானே, எப்ப வந்து பாத்தான்?' என்று கேட்டான். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டேன்.

வாக்கெடுப்புக்கு எல்லோரையும் உள்ளே கூப்பிட மணி அடித்தார்கள். பாதி நாற்காலி காலி. ஆள் போதவில்லை என்று சபாநாயகர் ஒத்திவைத்துவிட்டார். நர்ஸ் வேறு சேனலுக்கு மாற்றினாள். அங்கே கொஞ்ச நேரத்துக்கு முன்னால் எடுத்ததைக் காட்டினார்கள். நீ நின்றுகொண்டிருந்தாய், சபை வாசலில், மைக்குகளுக்கு நடுவில், உன் பேச்சைப் பற்றிப் பேசிக்கொண்டு. உனக்குப் பின்னால் அந்த வாக்கெடுப்பு மணி அடித்துக்கொண்டே இருந்தது. எங்கள் எல்லோருக்கும் கேட்டது. சலவைக்கூடப் பெரியவர் மட்டும், 'பாவம், அவருக்குக் காது கேக்கலையோ என்னவோ' என்றார்.

மறுவாரம் சபையே கலைந்தது. இனி தேர்தல் முடிந்து, புதுச் சபை கூடி, மசோதா மறுபடி முதலிலிருந்து வர வேண்டுமாம். பத்திரிகையில் போட்டிருந்தார்கள்.

வாக்கெடுப்பு அன்று காலையிலேயே உன் தம்பி பையைக் கட்டி வைத்திருந்தான். இன்னும் பிரிக்கவில்லை. தினம் அதிலிருந்து ஒரு சட்டையை எடுத்துப் போடுகிறான், துவைத்து மடித்து அதிலேயே வைக்கிறான்.

பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, 'இவர் எப்பவோ வீட்டுக்குப் போயிருக்கலாம்மா. சேர்க்கும்போது கையெழுத்துப் போட்டவர் வந்து போட்டாப் போதும்' என்றார். நீ ஒழிக்கப்போகிற பழைய சட்டம்தான் அது. போட்டவன் நீ. நான் போடட்டுமா என்றேன், என்னுடையது செல்லாதாம்.

இதைப் போனில் சொன்னதற்கு, 'அவசரப்படாதம்மா, புதுச் சட்டத்துல முதல் ஆளா அவன்தான் வெளிய வரணும், நாடே பாக்கணும்' என்றாய். நாடு பார்த்து அவனுக்கு என்னடா ஆகப்போகிறது? அவன் கேட்பது ஜன்னல் ஓரம் ஒரு கட்டில், உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொள்ள ஒரு கதவு. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவனைப் பெற்றிருக்கிறேன். உன் மேல் எனக்குக் கோபம், மறைக்கத் தெரியவில்லை. அந்தக் கைதட்டலைக் கேட்டபோது ஒரு நிமிஷம் பெருமையாகவும் இருந்து தொலைத்தது. அதுதான் இன்னும் எரிகிறது.

போன முறை அவனைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நடத்துனர்தான் தூக்கிவிட்டார். இனிமேல் பஸ் ஏறவே கூடாதென்று என் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேறு என்னென்னவோ சொன்னார், அதெல்லாம் இப்போது எதற்கு. இவனிடம் எதையும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதாகத்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

நீ மறுபடி ஜெயிக்க வேண்டும், அந்தச் சட்டம் உன் கையாலேயே நிறைவேற வேண்டும். மனதார வாழ்த்துகிறேன். அதற்கு முன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு போ. மைக் வேண்டாம். அவன் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். அம்மா எங்கே என்று கேட்டால், வீட்டில் இருக்கிறாள் என்று சொல். சொல்லிவிட்டு, சீக்கிரமாக அழைத்துக்கொண்டு வா.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அம்மா